பூலான் தேவி: வாங்கிய அடியும் திருப்பிய அடியும்

பண்டமாரான், கிள்ளான் வட்டாரத்தில் ஓர் இளைஞன் வெட்டுக்குத்து வழக்கில் பிடிபட்டால், அக்கம்பக்கத்தில் முதலில் எழும் பேச்சு அவனுடைய வீட்டைப் பற்றித்தான். அப்பா குடிகாரர், சின்ன வயதிலிருந்தே பெல்ட்டடி, வேறு எப்படி வளர்வான் என்பார்கள் சிலர். அதே வரிசை வீட்டில் அதே அடியை வாங்கிய இன்னொருவன் லாரி ஓட்டிக் கௌரவமாகப் பிழைக்கிறானே என்பார்கள் வேறு சிலர். ஒரு பெண்ணை முன்வைத்து இந்தியா முழுவதும் இதே வாக்குவாதத்தை இருபது ஆண்டுகள் நடத்தியது. அந்தப் பெண் பூலான் தேவி.

உத்தரப் பிரதேசத்தின் ஜாலவுன் மாவட்டத்தில், யமுனைக் கரையோரக் கிராமமான கோர்ஹா கா பூர்வாவில் 1963ஆம் ஆண்டு அவர் பிறந்தார். படகோட்டிப் பிழைக்கும் மல்லா சாதி. தந்தையின் பங்கு நிலத்தை உறவினர்களே வளைத்துப் போட்டிருந்தார்கள். அந்த நிலத்தில் நின்ற வேப்ப மரத்தைப் பெரியப்பா மகன் வெட்டி விற்றபோது, சிறுமியாக இருந்த பூலான் அவரிடம் நியாயம் கேட்கப் போனார். செங்கல்லால் அடிபட்டு மயங்கி விழுந்ததுதான் மிச்சம். தந்தை வாய் திறக்கவில்லை. மகளின் வாயை அடக்க வீட்டார் கண்ட வழி கல்யாணம். 11 வயதில், முப்பதைத் தாண்டிய ஓர் ஆளுக்குக் கட்டி வைத்தார்கள். அங்கே அடியும் வன்கொடுமையும். பலமுறை தாய்வீட்டுக்கு ஓடி வந்தார். புருஷனை விட்டு வந்தவள் குடும்பத்துக்கு அவமானம் என்று ஊர் பேசியது. அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1979இல் அதே உறவினர் கொடுத்த திருட்டுப் புகாரில் கைதானார். காவலில் தனக்கு நேர்ந்த கொடுமையைப் பின்னாளில் அவரே வெளியே சொன்னார். அதே ஆண்டில் சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளைக் கூட்டமொன்று அவரைத் தூக்கிச் சென்றது. அந்தக் கூட்டத்தின் தலைவன் பாபு குஜ்ஜாரிடமிருந்து அவரைக் காப்பாற்றியவர் விக்ரம் மல்லா. தலைவனைச் சுட்டுக் கொன்றுவிட்டுக் கூட்டத்தின் பொறுப்பை அவரே ஏற்றார். பூலானுக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். இந்தக் காலத்தில் கூட்டத்தோடு தன் பழைய கணவனின் ஊருக்குப் போய் அவரை இழுத்துப் போட்டு அடித்தார் பூலான். அந்தச் சம்பவத்தைப் படிப்பவர்களில் வருத்தப்படுபவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

1980 ஆகஸ்டில் விக்ரமைத் தாக்கூர் சாதியைச் சேர்ந்த ஸ்ரீராம், லாலாராம் சகோதரர்கள் சுட்டுக் கொன்றனர். பூலானைப் பெஹ்மாய் என்ற ஊருக்குக் கொண்டுபோய் அடைத்து வைத்தார்கள். மூன்று வாரம். பலர். ஊரார் கண்முன்னே அவமானப்படுத்தினார்கள். அந்த நாள்களைப் பற்றி அவர் முழுமையாகப் பேசியதே இல்லை. பிறகு எப்படியோ தப்பினார்.

1981 பிப்ரவரி 14ஆம் தேதி அவருடைய கூட்டம் பெஹ்மாய்க்குத் திரும்பியது. ஸ்ரீராமையும் லாலாராமையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். அன்று இருவருமே ஊரில் இல்லை. அகப்பட்ட ஆண்களை ஆற்றங்கரைப் பக்கம் வரிசையாக நிற்க வைத்துச் சுட்டார்கள். 20 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் தாக்கூர்கள், ஆனால் எல்லோரும் அல்ல. தான் யாரையும் சுடவில்லை என்று பூலான் கடைசிவரை சொன்னார். உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களோ ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

அவருடைய கதையை நெஞ்சுருகச் சொல்பவர்கள் பெரும்பாலும் கடந்து போய்விடும் இடம் இது. புருஷனை அடித்ததையும் பெஹ்மாயையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறார்கள். புருஷன் அவருக்குக் கொடுமை செய்தவர். ஆற்றங்கரையில் நின்ற 20 பேரோ அன்று வீட்டில் இருந்தவர்கள், அவ்வளவுதான். அவர்களில் யார் குற்றவாளி, யார் வேடிக்கை பார்த்தவர், யார் எதுவும் அறியாதவர் என்று பிரித்துப் பார்க்க அந்தக் கரையில் யாரும் முயலவில்லை. சிறுவயதில் பூலானுக்கு மறுக்கப்பட்டதும் அதே விசாரணைதான்.

சட்டம் என்ன சொல்லும்? மலேசியாவின் தண்டனைச் சட்டமும் அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டமும் ஒரே வேரில் வந்தவை. இரண்டிலுமே 300ஆம் பிரிவில், கடுமையான திடீர்ச் சினமூட்டலால் கை மீறிக் கொன்றால் அது கொலைக் குற்றத்திலிருந்து ஒரு படி இறங்கும். ஐந்தாறு மாதம் கழித்துத் திட்டம் போட்டு வந்தால் அந்தச் சலுகை கிடையாது. ஆனால் தண்டனையை முடிவு செய்யும்போது குற்றவாளியின் வாழ்க்கை கணக்கில் வரலாம். இந்திய உச்ச நீதிமன்றம் பச்சன் சிங் வழக்கில் 1980இலேயே அந்தக் கதவைத் திறந்துவிட்டது. மலேசியாவில் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டு, அந்த முடிவு நீதிபதியின் கைக்கு வந்தது 2023 ஜூலையில்தான்.

பூலான் விஷயத்தில் எந்த நீதிபதிக்கும் அந்த வேலையே வரவில்லை. 1983 பிப்ரவரி 12ஆம் தேதி, மத்தியப் பிரதேசத்தின் பிண்ட் நகரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டிருக்க, முதல்வர் அர்ஜுன் சிங் முன்னிலையில், காந்தி படத்துக்கும் துர்க்கை படத்துக்கும் முன்னால் துப்பாக்கியை வைத்துச் சரணடைந்தார். தூக்குத் தண்டனை கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனைகளில் ஒன்று. பிறகு 11 ஆண்டுகள் விசாரணையே இல்லாமல் சிறை. 1994இல் முலாயம் சிங் யாதவ் அரசு வழக்குகளைத் திரும்பப் பெற்று அவரை வெளியே விட்டது. சாதிக் கணக்குப் போட்ட அரசியல் அது. பூலானுக்கும் அதில் நியாயம் கிடைக்கவில்லை, பெஹ்மாய் விதவைகளுக்கும் கிடைக்கவில்லை.

1996இல் மிர்சாபூர் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார். 1998இல் தோற்று, 1999இல் மீண்டும் வென்றார்.

2001 ஜூலை 25ஆம் தேதி, புதுடில்லியில் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 37. பிடிபட்ட ஷேர் சிங் ரானா சொன்ன காரணம், பெஹ்மாய்க்குப் பழி வாங்கினேன் என்பது. அவருடைய சொந்த ஊர் பெஹ்மாய் அல்ல. படுகொலை நடந்தபோது அவர் சிறு பிள்ளை. பழைய காயம் ஒன்று கொலைக்கு நியாயமாகும் என்றால், அந்த நியாயத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் போலும். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2014இல் ஆயுள் தண்டனை விதித்தது.

பெஹ்மாய் வழக்கு மட்டும் இழுத்துக்கொண்டே போனது. புகார் கொடுத்தவர் 2020இல் இறந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோரும் ஒவ்வொருவராகப் போய்விட்டனர். 43 ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 பிப்ரவரியில் கான்பூர் தேஹாத் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது மிஞ்சியிருந்தவர்களில் ஒருவருக்கு ஆயுள் தண்டனை, இன்னொருவருக்கு விடுதலை.