கவிதை எழுதாத தமிழ்ப் பணியாளர்: தி. சு. அவினாசிலிங்கம்

கவிஞர்களைப் போற்றுவது இலக்கிய அமைப்புகளின் இயல்பு. கவிஞனுக்குரிய மொழியையும் வாசகனையும் ஆயத்தம் செய்து தந்தவர்களை நாம் அத்துணை எளிதில் நினைப்பதில்லை. அத்தகைய ஒருவர் நம் திருப்பூரிலேயே பிறந்தவர் என்பது இளைய கவிஞர் பலருக்குத் தெரியாது. பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் அப்பெருமகனை நினைவுகூர்வது நம் கடமை.

தி. சு. அவினாசிலிங்கம் 1903ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் திருப்பூரில் வசதிமிக்க வணிகக் குடும்பத்தில் தோன்றினார். அந்நாளில் திருப்பூர் பருத்திச் சந்தையூர். பின்னலாடைத் தொழில் இன்னும் தலையெடுக்கவில்லை. உள்ளூரிலும் கோவையிலும் பள்ளிக் கல்வி முடித்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் பெற்றுச் சட்டமும் பயின்றார். நீதிமன்றத்தில் பொருளீட்டியிருக்கக்கூடிய அவரைக் காந்தியடிகளின் இயக்கமும் இராமகிருஷ்ணர், விவேகானந்தர் நெறியும் ஆட்கொண்டன. திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்நாளைப் பொதுப்பணிக்கு அளித்தார். கோவை மாவட்டக் காங்கிரசை வழிநடத்தினார்; விடுதலைப் போரில் பன்முறை சிறை சென்றார்.

சிறைவாசங்களுக்கு இடையே அவர் கட்டியெழுப்பியது ஒரு பள்ளி. 1930இல் கோவையில் தொடங்கிய இராமகிருஷ்ண வித்தியாலயம் அது. பின்னர் பெரியநாயக்கன்பாளையத்தில் அதன் நிலையான இடத்துக்குக் காந்தியடிகள் 1934இல் அடிக்கல் நாட்டினார். தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளும் பிற பிள்ளைகளும் ஒன்றாக உண்டு, உறங்கி, உழைத்துப் பயிலும் குருகுலமாக அது வளர்ந்தது. தீண்டாமை ஆழ வேரூன்றியிருந்த கொங்கு மண்ணில் அது எளிய செயலன்று. அங்கே ஆசிரியராக வந்து சேர்ந்தவர்தாம் கவிஞர் பெரியசாமித் தூரன்.

1935 முதல் பத்தாண்டுகள் மத்திய சட்டசபையில் பணியாற்றிய அவினாசிலிங்கம், 1946இல் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானார். பிரகாசம், ஓமந்தூரார் ஆகியோர் தலைமையில் 1949 வரை அவர் வகித்த அப்பதவிக் காலம் மூன்றாண்டுகளே. அதற்குள் நடந்தவை வியப்புக்குரியவை. உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழியே பயிற்றுமொழி என்னும் நிலை உறுதிப்பட்டது. நூலக அறிஞர் இரங்கநாதனின் நெடுநாள் கனவாகிய பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியது. சொத்து வரியோடு சிறு தொகை நூலக வரியாகச் சேர்ந்து, ஊர்தோறும் புத்தகம் போய்ச் சேர வழி பிறந்தது. பாரதியின் பாடல்களை வெளியிடவும், இசைத்தட்டிலும் திரையிலும் வழங்கவும் உரிமைகள் தனியாரிடம் இருந்தன. அவற்றை விடுவிக்க வேண்டுமென எழுத்தாளரும் கலைஞரும் குரல் எழுப்பியதை அடுத்து, 1949இல் அரசே அவ்வுரிமைகளைப் பெற்றது. பின்னர் அவை மக்களின் பொதுவுடைமையாயின.

எனினும் இக்காலத்தைப் புகழ்மொழியால் மட்டும் கடந்துவிட இயலாது. 1948இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்க முனைந்த அரசில் கல்விப் பொறுப்பு அவருடையதே. பெரியார் தலைமையில் கிளர்ச்சி மூண்டது, மறைமலையடிகளும் திரு. வி. க.வும் எதிர்த்தனர். முடிவில் அரசே இறங்கிவர நேர்ந்தது. தமிழைப் பயிற்றுமொழியாக்கிய கரமே இந்தியையும் முன்னிறுத்தியது எங்ஙனம்? தாய்மொழியில் அறிவு, நாட்டுக்கு ஒரு பொதுமொழி என்னும் காந்திய நோக்கில் அவருக்கு இவ்விரண்டும் முரணாகத் தோன்றவில்லை. தமிழ்மக்களுக்கோ அவ்வாறு தோன்றவில்லை. அவரைப் போற்றுவோர் இதனை மறைக்க வேண்டுவதில்லை. மறைத்தால் போற்றுதல் பொய்யாகும்.

அவருடைய தமிழ்ப்பற்று மேடைப் பற்றன்று என்பதற்குக் கலைக்களஞ்சியமே சான்று. 1946இல் அவர் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம் மறு ஆண்டே இப்பணியில் இறங்கியது. முதன்மை ஆசிரியராகத் தூரன் அமர்ந்தார். அணுவியலையும் உடற்கூற்றையும் சட்டத்தையும் தமிழில் சொல்ல இயலுமா என்று கற்றோரே ஐயுற்ற காலம் அது. முதல் தொகுதி 1954இலும் பத்தாம் தொகுதி 1968இலும் வெளிவந்தன. தொடங்கியவர் அமைச்சர் பதவியை விட்டு விலகியபின் இத்தகைய பணிகள் கிடப்பில் விழுவதே வழக்கம். இவரோ பதவி போனபின்னும் கழகத் தலைவராய் நின்று, பொருள் திரட்டி, இருபதாண்டு உழைப்பை முடித்துக் காட்டினார். குழந்தைகளுக்கான களஞ்சியமும் தொடர்ந்து வந்தது.

1952இல் திருப்பூர்த் தொகுதி அவரை மக்களவைக்கு அனுப்பியது. 1958 முதல் 1964 வரை மாநிலங்களவையில் இருந்தார். 1957இல் கோவையில் அவர் தொடங்கிய மகளிர் மனையியல் கல்லூரி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1970இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1991 நவம்பர் 21ஆம் நாள் மறைந்தார்.

இழைக்கும் ஏட்டுக்கும் நூல் என்னும் ஒரே பெயர் வைத்தது தமிழ். இழை நூலால் உலகெங்கும் அறியப்பட்ட ஊர் நம்முடையது. ஏட்டு நூலுக்காக வாழ்ந்த நம்மூர்க்காரரை நாம் எவ்வளவு அறிந்தோம்? உயர்கல்வியில் தமிழ் இன்னும் வாயிலில் நிற்கிறது. பனியன் தொழிலாளி தன் பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கக் கடன் வாங்குகிறார். அப்பிள்ளை தமிழ் படிக்காவிடில் நம் கவிதைகளை யார் படிப்பார்? கவிதை எழுதுவதோடு நம் கடமை முடிவதில்லை என்பதே அவினாசிலிங்கனாரின் வாழ்வு நமக்கு உணர்த்துவது. ஒரு நூலகத்துக்குப் புத்தகம் சேர்ப்பதும், ஓர் அறிவுத்துறையைத் தமிழில் எழுதுவிப்பதும் கவிஞர் வேலையே. அடுத்த பத்தாண்டில் நம் அமைப்பு அவ்வேலையில் ஒன்றையேனும் முடிக்குமாயின், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலி.