எளியவனின் ஆயுதம்: ஜிகோரோ கானோவின் வாழ்க்கை

மல்வித்தையைப் பற்றி உலகெங்கும் ஒரு நம்பிக்கை உண்டு. எவன் கொடிய அடிகளை அதிகமாக அறிந்திருக்கிறானோ, எவன் குருவினிடமிருந்து ரகசியப் பிடிகளைப் பெற்றிருக்கிறானோ, அவனே ஆபத்து வேளையில் தன்னைக் காத்துக்கொள்ள வல்லவன் என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் ஜப்பான் தேசத்தில் தோன்றிய ஒரு மெலிந்த உபாத்தியாயர் இந்த நம்பிக்கையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டார். கொடிய பிடிகளைப் பயிற்சியிலிருந்து விலக்கியவர்களே நேருக்கு நேர் நின்றபோது வென்றார்கள் என்பதைத் தம் சிஷ்யர்களைக் கொண்டு ஊரறியக் காட்டினார். ஜூடோ என்று இன்று உலகம் வழங்கும் வித்தையின் தந்தையாகிய ஜிகோரோ கானோவே அவர்.

கானோ 1860-ம் வருஷம், கோபே நகரத்தை அடுத்த மிகாகே என்னும் ஊரில் பிறந்தார். அரிசிமது வடிக்கும் செல்வக் குடும்பம் அது. பத்து வயது நிரம்புமுன் தாயை இழந்தார். பின்னர் தகப்பனார் அவரைத் தோக்கியோவுக்கு அழைத்து வந்து, மேனாட்டு மொழிகள் கற்பிக்கும் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார். படிப்பில் சிறுவன் சூடிகை; உடம்போ ஒடிசல். வளர்ந்து ஆளான பின்பும் அவருடைய உயரம் 5 அடி 2 அங்குலத்தைத் தாண்டவில்லை. புத்தி மிகுந்து பலம் குறைந்த பிள்ளைக்கு விடுதியில் என்ன நேருமோ அதுவே அவருக்கும் நேர்ந்தது. முரட்டு மாணவர்கள் அவரைத் தள்ளினார்கள், அடித்தார்கள், கீழே போட்டு மிதித்தார்கள். அவர் மல்வித்தையை நாடியது வீரப் புகழுக்காக அன்று. மறுநாள் அடிபடாமல் இருப்பதற்காக. இதை மறந்துவிட்டால் அவர் பிற்காலத்தில் செய்த மாறுதல்களின் கருத்து விளங்காது.

எளியவனும் வலியவனை வீழ்த்தக்கூடிய ஜூஜுத்ஸு என்றொரு கலை உண்டென்று, வீட்டுக்கு வந்து போகும் பழைய ஷோகன் படைவீரர் ஒருவர் சொல்லக் கேட்டார். கற்றுத் தரும்படி வேண்டினார். அக்காலத்துக்கு அது உதவாது என்று அவர் மறுத்துவிட்டார். தகப்பனாரும் அதே அபிப்பிராயம் கொண்டிருந்தார். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. 1868-ல் மெய்ஜி ஆட்சி ஏற்பட்ட பின் ஜப்பான் தன் பழமைகளை ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தது. 1876-ல் ஸாமுராய்கள் வாள் தரிப்பதும் சட்டத்தால் தடுக்கப்பட்டது. முன்பு பிரபுக்களின் ஆதரவில் வாழ்ந்த ஜூஜுத்ஸு ஆசிரியர்கள், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியத்தால் வயிறு வளர்த்தார்கள். சிலர் காசு வாங்கிக்கொண்டு மேடையில் வேடிக்கை காட்டும் நிலைக்கும் இறங்கினார்கள். மேனாட்டார் வகுத்ததே நாகரிகம் என்று ஒரு தேசம் எண்ணத் தொடங்கினால், சொந்த வீட்டுப் பொருளைப் பரண்மேல் எறிவது அதன் முதற்காரியம் போலும்.

1877-ல் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கானோ, எலும்பு வைத்தியர்களின் பலகை தொங்கும் வீடுகளைத் தேடி அலைந்தார். அப்படி அலைந்து அடைந்த குருவே, தென்ஜின் ஷின்யோ மரபைச் சேர்ந்த ஃபுகுடா ஹச்சினோசுகே. சிறிய கூடம், சில மாணவர்கள். ஃபுகுடாவின் போதனா முறை விசித்திரமானது. ஒரு வீச்சில் கையை எங்கே வைப்பது, காலை எப்படி நகர்த்துவது என்று மாணவர் கேட்டால், விளக்கம் சொல்லாமல் மீண்டும் மீண்டும் அவரைத் தூக்கிப் பாயில் எறிவார். கானோ வீடு திரும்பும்போது உடம்பெல்லாம் சிராய்ப்பும் மருந்துப் பற்றுமாக இருக்குமாம். ஆயினும் அந்த முறையில் ஓர் உண்மை இருந்தது. உடம்பு அறிய வேண்டியதைச் செவி அறிந்து பயனில்லை.

அந்தக் கூடத்தில் ஃபுக்குஷிமா என்ற பருமனான மாணவர் ஒருவர் இருந்தார். கானோவால் அவரை அசைக்க முடியவில்லை. சோர்ந்துவிடாமல் கானோ முதலில் ஸுமோ மல்லர்களின் பிடிகளைக் கற்றுப் பார்த்தார்; பலிக்கவில்லை. பிறகு நூல் நிலையத்துக்குச் சென்று மேனாட்டு மல்யுத்த நூல்களைப் புரட்டினார். எதிரியின் தொடையைப் பற்றி, அவனைத் தோள்களின் மேல் குறுக்காக ஏற்றிக் கீழே தள்ளும் ஒரு பிடி அவர் கண்ணில் பட்டது. நண்பர்களிடம் அதை இரகசியமாகப் பழகினார். அடுத்த முறை ஃபுக்குஷிமா தோள்மேல் ஏறித் தரையில் விழுந்தார். தோள்சக்கரம் என்று பொருள்படும் கட்டா குருமா என்னும் வீச்சு பிறந்த விதம் இது. பரம்பரை வித்தையை மீட்க வந்தவர் அந்நியர் நூலிலிருந்து கடன் வாங்கக் கூசவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

1879-ல் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி கிராண்ட் தோக்கியோவுக்கு வந்தபோது, அவர் முன்னிலையில் வித்தை காட்டியவர்களில் கானோவும் ஒருவர். அடுத்த சில நாட்களில் ஃபுகுடா காலமானார். குருவின் மரபேடுகள் 18 வயது மாணவரிடம் வந்து சேர்ந்தன. பின்பு இஸோ மஸாதோமோ என்ற ஆசிரியரை அடைந்தார்; அவரும் 1881-ல் மறைந்தார். மூன்றாவது குரு, கிதோ மரபைச் சேர்ந்த ஈகுபோ. இவரிடம் பழகுகையில்தான் தம் வித்தையின் மூலதத்துவம் கானோவுக்குப் புலப்பட்டது. நிலை கலையாமல் நிற்பவனை வீழ்த்த மாபலம் வேண்டும். நிலை கலைந்தவனை வீழ்த்த ஒரு விரலே போதும். எதிரி தள்ளினால் எதிர்த்துத் தள்ளாமல் இழுக்க வேண்டும்; இழுத்தால் அவன் போக்கிலேயே சென்று தள்ள வேண்டும். முதலில் சமநிலையைக் குலைத்து, அதன் பிறகே வீச வேண்டும். இதை அறிந்தபின் ஈகுபோவையே கானோ வீழ்த்தலானார். அந்தப் பெரியவர் சிறிதும் மனம் கோணாமல், இனிக் கற்பிக்கத் தம்மிடம் ஒன்றுமில்லை என்று கூறித் தம் மரபின் உரிமையையும் ஏடுகளையும் மாணவரிடம் ஒப்படைத்தார்.

1882-ம் வருஷம் தோக்கியோவில் ஏஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தில், 12 பாய்கள் விரிக்கக்கூடிய ஓர் அறையில், கானோ தம் கூடத்தைத் தொடங்கினார். முதல் வருஷத்தில் சேர்ந்தவர்கள் 9 பேர். கோடோகான் என்று அதற்குப் பெயர். மார்க்கத்தைக் கற்கும் இடம் என்பது பொருள். அப்போது அவருக்கு வயது 21. பகலில் கல்லூரி உத்தியோகம். இரவில் மொழிபெயர்ப்பு வேலை செய்து அந்தக் கூலியால் கூடத்தை நடத்தினார். மாணவர்கள் விழும் அதிர்ச்சியில் ஆலயத்தின் நீத்தார் பலகைகள் உருண்டன, தரைப்பலகைகள் உடைந்தன. குருவே விளக்கேந்தித் தரைக்கடியில் தவழ்ந்து சென்று உடைந்த சட்டங்களைச் செப்பனிடுவாராம்.

அவர் செய்த மாறுதல் யாது? பழைய மரபுகளில் பயிற்சி பெரும்பாலும் கட்டா என்னும் ஒழுங்குமுறையில் நடந்தது. இன்னவன் இப்படித் தாக்குவான், மற்றவன் இப்படித் தடுப்பான் என்று முன்கூட்டியே வகுத்து, இருவரும் இணங்கிச் செய்வது அது. கண்ணைக் குத்துதல், உயிர்நிலையில் அடித்தல், விரலை முறித்தல் போன்ற பிரயோகங்களை வேறெந்த விதத்தில் பழக முடியும்? உண்மையாகச் செய்தால் தோழன் ஊனமாவான். ஆகவே அவற்றைக் கற்றவர்கள் ஒரு நாளும் முழு வேகத்தோடு, எதிர்க்கும் ஒருவன்மேல் அவற்றைப் பிரயோகித்ததில்லை. தம்மிடம் இருப்பது ஆயுதமா, ஆயுதத்தின் சித்திரமா என்பது அவர்களுக்கே தெரியாது. கானோ இந்தக் குறையைக் கண்டார். ஊனம் விளைக்கும் பிரயோகங்களைக் கட்டாவில் மட்டும் நிறுத்தி வைத்தார். வீச்சு, தரையில் அமுக்குதல், கழுத்து நெரிப்பு, முழங்கைப் பூட்டு ஆகியவற்றை, இருவரும் முழுப் பலத்தோடு தடையின்றி மோதும் ராந்தோரி என்ற பயிற்சிக்குரியவை ஆக்கினார். ராந்தோரி அவர் படைத்ததன்று. அவர் கற்ற மரபுகளிலேயே இருந்தது. அதை நாள்தோறும் செய்யும் தலைமைப் பயிற்சியாக உயர்த்தியதே அவருடைய செயல். அதற்கு முன்னதாகக் கீழே விழும் முறையைக் கற்பித்தார். விழத் தெரிந்தவனுக்கே அஞ்சாமல் மோதும் துணிவு உண்டாகும்.

பழைய ஆசிரியர்கள் நகைத்தார்கள். பல்லைப் பிடுங்கிய பாம்பு என்று எண்ணினார்கள். 1880-களில் தோக்கியோ போலீஸ் இலாகாவின் ஆதரவில் நடந்த போட்டிகளில், தொத்ஸுக்கா என்ற புகழ்பெற்ற ஆசிரியரின் கூடத்தாரை கோடோகான் வீரர்கள் எதிர்கொண்டார்கள். ஸைகோ ஷிரோ, யமஷிதா, யோக்கோயாமா முதலியோர் பேர் பெற்ற காலம் அது. பெரும்பாலான போட்டிகளில் கோடோகானே வென்றது. நாள்தோறும் எதிர்ப்பவர்களோடு மோதிப் பழகியவர்களுக்கு அன்று நேர்ந்தது புதிய அனுபவமன்று. எதிர் தரப்பில் பலருக்கோ அது புதிது. குற்றவாளிகளோடு மெய்யாகவே கைகலக்க வேண்டிய போலீஸ்காரர்களுக்குக் கற்பிக்க கோடோகான் ஆசிரியர்களே அமர்த்தப்பட்டார்கள். இதைவிட நேரான பரீட்சை வேறில்லை.

ஆனால் பரீட்சை ஒரு பக்கமாகவே வெற்றி தருவதில்லை. தனபே மதாஎமோன் என்ற மற்றொரு மரபினர் நின்று வீசும் போரில் இறங்காமல், தரையில் கிடந்தே பிடித்து கோடோகான் வீரர்கள் சிலரைத் தோற்கடித்தார். தோல்வியை மறைக்க முயலாமல், தரைப் பிடிகளிலும் கோடோகான் அதிக சிரத்தை செலுத்தலாயிற்று. தோற்ற இடத்தில் கற்க மறுத்திருந்தால், அதுவும் மற்றொரு பழங்கூடமாகவே மங்கியிருக்கும்.

1889-ல் கல்வி முறைகளைக் கண்டுவர ஐரோப்பா சென்ற கானோ, 1891-ல் திரும்பினார். திரும்பும் கப்பலில் ஒரு ருஷ்ய உத்தியோகஸ்தர், ஆஜானுபாகு, இந்தச் சிறிய மனிதரை இறுக்கிப் பிடித்துத் தம் பலத்தைக் காட்ட முற்பட்டார். கானோ அவரைத் தூக்கி எறிந்தார். எறிந்தவர், அவர் தலை மேல்தளத்தில் மோதாதபடி கையைக் கொடுத்துத் தாங்கினார். சுற்றி நின்றவர்கள் வீச்சைவிட அந்தக் கையைக் கண்டே வியந்தார்களாம். விடுதியில் மிதிபட்ட சிறுவன் கற்க விரும்பியது பழிவாங்கும் வித்தையாக இருந்திருந்தால், அந்த ருஷ்யரின் மண்டை உடைந்திருக்கும். தன்னைக் காத்துக்கொள்வதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே செய்யும் ஆற்றல், முழு வேகத்தில் ஆயிரம் முறை வீசிப் பழகியவனுக்கே வரும்.

அவருடைய உத்தியோக வாழ்வைச் சுருக்கமாகவே சொல்லலாம். உயர்தர ஆசிரியர் கல்லூரியின் தலைவராக 1893 முதல் 1920 வரை, இடையிடையே விலகிய காலம் தவிர, பணிபுரிந்தார். சீன மாணவர்களுக்கென அவர் நிறுவிய பள்ளியில் பின்னாளில் பேரெழுத்தாளரான லூ ஷுன் பயின்றார். 1909-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் இடம்பெற்ற முதல் ஆசியர் அவரே. 1912-ல் ஸ்டாக்ஹோமுக்கு இரண்டே வீரர்களுடன் ஜப்பானின் முதல் ஒலிம்பிக் கோஷ்டியை அழைத்துச் சென்றார். பெண்களுக்கும் அவர் 1890-களிலேயே கற்பித்தார். 1926-ல் கோடோகானில் பெண்கள் பிரிவு முறையாக ஏற்பட்டது.

கூடம் பெருகப் பெருக, ஆயிரக்கணக்கானோர் வந்து சேர, அவருக்கு வேறொரு கவலை பிறந்தது. பரிசுக்கும் பட்டத்துக்கும் ஆடுபவர்கள், வீதியில் ஒருவன் கையை ஓங்கினால் அல்லது கத்தியை உருவினால் என்ன செய்வதென்பதை மறந்து வந்தார்கள். பிடித்துப் பழகியவன் அடியைத் தவிர்க்க அறியான். நடுவர் இருக்கிறார் என்ற நினைவே ஒரு பலவீனம். எனவே 1922-ல் ஓகினாவாவிலிருந்து வந்த ஃபுனகோஷியை கோடோகானுக்கு அழைத்து, அங்கே கராத்தேயைக் காட்டச் செய்தார். அடி உதைகள் அடங்கிய புதிய தேகாப்பியாச முறை ஒன்றைத் தாமே வகுத்தார். 1930-ல் உயெஷிபாவின் வித்தையைக் கண்டு வியந்து, தம் மாணவர் மொச்சிசுகியை அவரிடம் கற்க அனுப்பினார். எழுபது வயதில், தாம் நிறுவிய வித்தை போதாது என்று ஒப்புக்கொண்டு மாணவனை இன்னொருவரிடம் அனுப்பும் ஆசிரியர்கள் உலகில் எத்தனை பேர்!

நம் நாட்டுக்கும் இவ்வித்தையோடு தொடர்புண்டு. ரவீந்திரநாத தாகூர் 1905-லேயே ஜப்பானிய ஆசிரியர் ஒருவரைச் சாந்திநிகேதனத்துக்கு வரவழைத்தார். 1929-ல் கோடோகானைச் சேர்ந்த தக்காகாகி அங்கு வந்து, மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் ஜூடோ கற்பித்தார்.

1938-ல், 1940-ம் வருஷத்து ஒலிம்பிக் பந்தயம் தோக்கியோவில் நடப்பதை உறுதிப்படுத்தும் பொருட்டு கெய்ரோ மகாநாட்டுக்குச் சென்ற கானோ, அமெரிக்கா வழியாக ஹிக்காவா மாரு கப்பலில் திரும்பும்போது நிமோனியாவால் மே 4-ந் தேதி நடுக்கடலில் காலமானார். வயது 77. மூன்று மாதங்களுக்குள் ஜப்பான் அந்தப் பந்தயத்தைக் கைவிட்டது. தேசம் அப்போது சீனாவில் யுத்தம் நடத்திக்கொண்டிருந்தது.

1956-ல் கோடோகான், தடி, கத்தி, துப்பாக்கி ஆகியவற்றை எதிர்கொள்ளும் தற்காப்புக் கட்டா ஒன்றைப் புதிதாக வகுத்தது. 1964-ல் தோக்கியோவிலேயே ஜூடோ ஒலிம்பிக் பந்தயமாயிற்று. பந்தயத்துக்கு விதிகள் வளர்ந்தன. 2010-லும் பின்னர் 2013-லும் சர்வதேச ஜூடோ சம்மேளனம் செய்த விதிகளின்படி, நிற்கும் எதிரியின் காலைக் கையால் பற்றுவது தடுக்கப்பட்டது. மெலிந்த மாணவர் கானோ நூல் நிலையத்தில் கண்டெடுத்து, பருமனான ஃபுக்குஷிமாவைத் தோள்மேல் ஏற்றிய அதே கட்டா குருமாவும், அவர் செய்த உருவத்தில், அத்தடைக்குள் சேர்ந்துவிட்டது.