ருக்மிணி தேவி அருண்டேல்

ருக்மிணி தேவி அருண்டேல் (பெப்ரவரி 29, 1904 - பெப்ரவரி 24, 1986) பரதநாட்டியக் கலைஞரும் விலங்குநல ஆர்வலரும் ஆவார். மதுரையில் பிறந்த இவர் 1936 இல் கலாசேத்திராவை நிறுவினார். 1952 இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டு, விலங்குவதைத் தடுப்பிற்கான தனிநபர் சட்டமுன்வரைவைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் எனப் பிரதமர் நேரு உறுதியளித்ததால் அதனைத் திரும்பப் பெற்றார். 1960 இல் அச்சட்டம் நிறைவேறியது. 1962 இல் அமைந்த இந்திய விலங்குநல வாரியத்திற்கு இவரே முதல் தலைவர்.

விமர்சனமும் ஆதரவும்

இச்சட்டத்தின் அடிப்படையில், வாரியமும் பீட்டா அமைப்பும் வாதாடிய வழக்கில் 2014 இல் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடை செய்தது. தச்சங்குறிச்சி, விராலிமலை முதலிய வாடிவாசல்களைக் கொண்ட புதுக்கோட்டை மாவட்டமும் இதனால் பாதிக்கப்பட்டது. விளையாட்டு நின்றால் நாட்டுக் காளைகளை வளர்ப்போர் இரார் என்பது விலங்குரிமை அமைப்புகள் மீதான விமர்சனம். வாலை முறுக்குதல் போன்ற வதைகளை அவ்வமைப்புகளே வெளிக்கொணர்ந்தன என்பது ஆதரவாளர் வாதம். 2017 இல் தமிழ்நாடு அரசு அதே சட்டத்தைத் திருத்திச் சல்லிக்கட்டை அனுமதித்தது. 2023 இல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது.