சட்டமும் இல்லமும்

தீய வழக்கம் ஒன்றைச் சட்டம் விலக்கலாம். ஆனால், அவ்வழக்கத்தினின்று விடுபட்டு வருவோர்க்கு உணவும் உறையுளும் கல்வியும் சட்டம் ஒன்றினால் மட்டும் கிட்டிவிடுவதில்லை. இதனை நன்குணர்ந்து, சட்டசபையிலும் வெளியிலும் ஒருங்கே தொண்டாற்றியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், அவ்வூர் மன்னர் கல்லூரியின் தலைவராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபில் தோன்றியவர். பருவம் எய்திய பெண்கள் பள்ளிக்குச் செல்லாத காலம் அது. எனினும், முத்துலட்சுமி வீட்டிலிருந்தவாறே பாடங்களைக் கற்றுத் தேர்வில் வெற்றி பெற்றார். ஆடவரே பயின்றுவந்த மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்த்தலாகாது எனப் பலர் தடுத்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அத்தடையைப் பொருட்படுத்தாது அவருக்கு இடம் நல்கினார். பின்னர், 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

பெண்டிரும் குழந்தைகளும் உற்ற பிணிகள் பலவற்றிற்கு இளமணமும் அறியாமையுமே காரணம் என்பதை மருத்துவத் தொழில் அவருக்கு உணர்த்தியது. மருந்தினால் மட்டும் தீராத இத்துன்பங்களுக்குப் பொதுப்பணியில் பரிகாரம் தேட அவர் விழைந்தார். 1926இல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப் பெற்றார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதற் பெண்மணி அவரே. ஆடவர் நிறைந்த அவ்வவை அவரையே ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

அக்காலத்தில், சிறுமியரைப் பொட்டுக் கட்டிக் கோயிலுக்கு விடும் வழக்கம் இருந்தது. அங்ஙனம் விடப்பட்டவர்க்கு மணவாழ்க்கை இல்லை. அவருள் பலர் இழிநிலைக்கு உள்ளாயினர். இவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று அம்மையார் 1927இல் சட்டசபையில் தீர்மானம் கொணர்ந்தார். மரபு கெடும் என்றும், இசையும் நடனமும் அழியும் என்றும் சிலர் எதிர்த்தனர். அம்மையார் தளர்ந்தாரல்லர்.

இவ்வழக்கம் வேரூன்றி நின்றதற்கு வறுமையச்சமும் ஒரு காரணமாகும். கோயிற்பணிக்கு ஈடாகப் பல குடும்பங்கள் மானிய நிலம் பெற்று வாழ்ந்தன. பணி செய்யப் பெண் இல்லையேல் நிலம் கைவிட்டுப் போகும். ஆதலின், மகளைக் காக்க விரும்பிய தாயும் அஞ்சினாள். அம்மையாரின் முயற்சியால் 1929இல் நிறைவேறிய சட்டத் திருத்தம், கோயிற்பணி செய்யாவிடினும் நிலம் அவர்களுக்கே உரியதாக வழி செய்தது. இதனால் அவ்வச்சம் நீங்கியது. பொட்டுக் கட்டுதலையே தடுக்கும் மசோதாவையும் 1930இல் அவர் கொணர்ந்தார். அவ்வாண்டிலேயே காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்டார். அதனைக் கண்டித்து அம்மையார் தம் பதவியைத் துறந்தார்.

பதவி நீங்கிய பின்னும் அவர் பணி ஓயவில்லை. அவ்வழக்கத்தினின்று விலகி வந்த சிறுமியரைச் சேர்த்துக்கொள்ள மாணவியர் விடுதிகள் தயங்கின. ஊரார் ஏற்க மறுத்தால், அச்சிறுமியர் விட்டு வந்த இடத்திற்கே மீள நேரும். சட்டத்தின் பயனும் வீணாகும். அம்மையார் அவர்களுக்குப் புகலிடமாக ஔவை இல்லத்தை நிறுவினார். பின்னர் அடையாற்றில் நிலைபெற்ற அவ்வில்லம், ஆதரவற்ற பெண்கள் பலர்க்குக் கல்வியும் தொழிற்பயிற்சியும் அளித்தது. அவர் தொடங்கிய சட்டப் போராட்டமும் 1947இல் முழுவெற்றி கண்டது. பொட்டுக் கட்டுதல் குற்றம் எனச் சென்னை மாகாணத்தில் சட்டம் பிறந்தது.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அம்மையார். அத்துயரைத் தம் உள்ளத்தளவில் அடக்கிவிடாது, பிறர்க்கேனும் அந்நிலை நேராமல் தடுக்க முற்பட்டார். அதன் பயனாக, அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய அம்மருத்துவமனை, இன்று நாடறிந்த நிலையமாக வளர்ந்துள்ளது.

1956இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968இல் அம்மையார் மறைந்தார். ஏழைத் தாய்மார்க்குத் தமிழக அரசு அளிக்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அவையில் வாதாடி உரிமை பெற்றுத் தந்ததோடு, அவ்வுரிமையைத் துய்ப்பதற்கு ஓர் இல்லமும் அமைத்துத் தந்த அவரது வாழ்வு, பொதுத்தொண்டில் ஈடுபட விழைவார்க்குச் சிறந்த வழிகாட்டியாகும்.