ஆய்லர் தந்த பத்து எண்கள்



தூண் வளைவதற்கு நாம் மனப்பாடம் செய்யும் சூத்திரம் யாருடையது? ஆய்லருடையது. டர்பைன் பாடத்திலும் அவர் பெயர் வரும். சரி, கம்ப்யூட்டரில் பைனைட் எலிமெண்ட் முறையில் ஓர் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், அங்கேயும் அவரே வந்து நிற்கிறார்! யார் இந்த லியோனார்ட் ஆய்லர்?

1707 ஏப்ரல் 15 அன்று சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பிறந்தார். தந்தை பாதிரியார்; மகனும் அப்படியே ஆகணும் என்பது அவர் ஆசை. அதே ஊரில் யோஹான் பெர்னூலி என்ற கணித மேதை இருந்தார். டியூஷன் எடுக்க அவருக்கு நேரமில்லை. கடினமான நூல்களைத் தானே படித்து, புரியாததைச் சனிக்கிழமை மதியம் வந்து கேட்கலாம் என்று ஏற்பாடு. ஆய்லரோ முடிந்தவரை தன் சந்தேகத்தைத் தானே தீர்த்துக்கொண்டுதான் போவாராம். கடைசியில் தந்தையின் மனத்தை மாற்றியவரும் பெர்னூலிதான்.

1727-இல் பாரிஸ் கலைக்கழகம் கப்பலில் பாய்மரங்களை எப்படி அமைப்பது என்று ஒரு போட்டி வைத்தது. கடலே இல்லாத நாட்டுப் பையன் கட்டுரை எழுதி இரண்டாம் இடம் பெற்றான்! அதே ஆண்டு, நண்பர் டேனியல் பெர்னூலி ஏற்கனவே போயிருந்த ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகத்தில் ஆய்லருக்கும் வேலை கிடைத்தது. அங்கே 1738-இல் வலது கண் பார்வை போயிற்று. ஆனாலும் பேனா நிற்கவில்லை. 1741-இல் பெர்லின் சென்றார். 1749-இல் கப்பல் அறிவியல் பற்றி இரு பாகங்களில் பெரிய நூல் வெளியிட்டார்.

கப்பல் அலையில் எவ்வளவு வேகமாக ஆடும்? இதற்கு மொத்த நிறை மட்டும் தெரிந்தால் போதாது. அந்த நிறை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பதும் வேணும். நம்ம ப்ளைவீலையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறை 100 கிலோ, ஆரம் அரை மீட்டர். சீரான தட்டு என்றால் நிலைமத் திருப்புத்திறன் 12.5 கி.கி.மீ². அதே 100 கிலோவும் விளிம்பிலேயே இருந்தால் 25. எடை ஒண்ணுதான், சுழற்றும் சிரமம் இரு மடங்கு!

1750-இல் ஆய்லர் ஒரு வழி கண்டார். பொருளைச் சின்னஞ்சிறு துணுக்குகளாகப் பாவித்து, ஒவ்வொன்றுக்கும் நியூட்டன் விதியை மூன்று திசைகளிலும் எழுதிக் கூட்டுவது. துணுக்குகளுக்கு இடையே தூரம் மாறாவிட்டால் அது திண்பொருள். எந்தத் திண்பொருளுக்கும் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முதன்மை அச்சுகள் உண்டு என்று செக்னர் என்பவர் 1755-இல் காட்டினார். இதையெல்லாம் ஒன்றுசேர்த்து ஆய்லர் 1765-இல் வெளியிட்ட நூலே திண்பொருள் இயக்கவியலுக்கு அஸ்திவாரம். நிலைமத் திருப்புத்திறன் என்ற பெயரைத் தந்தவரும் அவரே.

அவர் கொள்கைப்படி, எவ்வளவு சிக்கலான திண்பொருளானாலும் அதன் அசைவுக்குப் பத்தே பத்து எண்கள் போதும்: நிறை ஒன்று, நிறைமையம் இருக்கும் இடத்துக்கு மூன்று, நிலைமத்துக்கு ஆறு.

இப்போது நம்ம ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்கு வாங்க. சுழல் சூளை என்பது ரோலர்கள் மேல் மெதுவாக உருளும் ராட்சத எஃகுக் குழாய். அதன் ஓட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்கிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ரோலர் வளைவது நமக்கு முக்கியமில்லை என்றால் அதைத் திண்பொருள் என்று அறிவித்துவிடலாம். கம்ப்யூட்டருக்கு வேலை மிச்சம். அப்போது ஒரே ஒரு புள்ளி ரோலர் முழுமைக்கும் பிரதிநிதி ஆகிவிடுகிறது. ரோலரை வெறும் மேல்தோலாக வரைந்திருந்தால் உள்ளே இரும்பு இருப்பது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அசையாத நிலைக் கணக்கில் பரவாயில்லை. அதிர்வு, மோதல், வேகமாற்றம் என்று வந்துவிட்டால் நிறையையும் நிலைமத்தையும் நாம்தான் கொடுக்கணும்.

இங்கேதான் பலரும் வழுக்குவது. மில்லிமீட்டர், நியூட்டன், செகண்ட் அலகில் வேலை செய்தால் நிறையை டன்னில் கொடுக்க வேண்டும், 12.5 கி.கி.மீ² என்பது அங்கே 12,500 டன்.மி.மீ². கிலோவை அப்படியே போட்டால் பொருள் ஆயிரம் மடங்கு கனமாகிவிடும்! பிரதிநிதிப் புள்ளி நிறைமையத்தில் இல்லையென்றால் இணை அச்சுத் தேற்றத்தை மறக்கக் கூடாது. இன்னொரு சோதனையும் உண்டு: மூன்று முதன்மை நிலைமங்களில் எந்த இரண்டின் கூட்டுத்தொகையும் மூன்றாவதை விடக் குறையாது. குறைந்தால் அப்படி ஒரு பொருள் உலகத்திலேயே கிடையாது. தப்பான எண்ணுக்கும் திரையில் கலர் கலராகப் படம் வரும். அதை நம்பி இயந்திரம் செய்தால் ஆபத்து வேலை செய்கிறவருக்கு.

1766-இல் ஆய்லர் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். இடது கண்ணிலும் புரை விழுந்தது. 1771-இல் செய்த அறுவைச் சிகிச்சையில் வந்த பார்வை சில நாளில் போய்விட்டது. அதே ஆண்டு தீ விபத்தில் வீடு எரிந்தது. 1773-இல் மனைவி காலமானார். வேறு யாராக இருந்தாலும் ஓய்ந்திருப்பார்கள்! அவரோ மனக்கணக்காகப் போட்டுச் சொல்ல, மகனும் உதவியாளர்களும் எழுதினார்கள். சந்திரனின் இயக்கம் பற்றிய பெருநூல் 1772-இல் இப்படித்தான் வந்தது. 1783 செப்டம்பர் 18 அன்று, புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸின் பாதை பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாளில், மூளையில் இரத்தக் கசிவால் மறைந்தார். அப்போது வயது 76.

தோழர்களே, கண்ணில்லாத அந்த மனிதர் எண்களை மனத்தில் நிறுத்திச் சரிபார்த்தார். நமக்கோ கண்ணும் உண்டு, கம்ப்யூட்டரும் உண்டு. பொத்தானை அமுக்கும் முன் அந்தப் பத்து எண்களையும் ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடுவோம். ஆய்லருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகட்டும்!