நெஞ்சற்ற நகரின் நடுகல்

வீரனுக்கு நடுகல் எடுப்பது தமிழர் மரபு. அதில் பெயர் இருக்கும், பீடு இருக்கும், கையில் படையும் இருக்கும். இம்மூன்றும் இல்லாததொரு நடுகல்லை ஒரு நகரத்திற்கே எடுத்தவர் சிற்பி ஓசிப் சாட்கின்.

அன்றைய உருசியப் பேரரசின் விதெப்ஸ்கில், யூதக் குடிவழித் தந்தைக்குப் பிறந்தவர் அவர். இளமையில் இலண்டனில் மரச்செதுக்கு வேலை பயின்று, 1910-ஆம் ஆண்டளவில் பாரிஸ் சேர்ந்தார். முதல் உலகப்போரில் காயமுற்றோரைச் சுமக்கும் பணியேற்றவர், நச்சுப்புகையால் தாமே நோயுற்று மீண்டார். இரண்டாம் போரில் நாட்டையே விட்டு அகல நேர்ந்தது. 1941-இல் நியூயார்க்குக்குச் சென்றார். மனைவியான ஓவியர் வாலந்தைன் பிராக்ஸ் பிரான்சிலேயே தங்கினார். பிரிவு 1945 வரை நீண்டது.

போருக்குப்பின் ஹாலந்துக்குச் சென்ற பயணத்தில், ரயிலிலிருந்து ராட்டர்டாமைக் கண்டார். 1940 மே 14 அன்று ஜெர்மானிய விமானங்கள் கால்மணி நேர அளவில் வீசிய குண்டுகளும், அவை மூட்டிய தீயும் அத்துறைமுக நகரின் நடுப்பகுதியை அழித்திருந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்; சுமார் 80,000 பேர் வீடிழந்தனர். இடிபாடுகள் அகற்றப்பட்டபின் எஞ்சியது வெட்டவெளி. சாட்கினைத் தாக்கியது அந்த வெறுமைதான். இடிந்த சுவரைச் செதுக்கலாம். இல்லாமையை எவ்வாறு செதுக்குவது?

முதலில் சிறு மண்ணுருவமாகவும் பின்னர் வெண்கலமாகவும் அவர் விடை தந்தார். கால்கள் மடங்க, ஓர் அடிமரத்தருகே தள்ளாடும் மனித உருவம். தலை பின்னே சாய்ந்து, வாய் திறந்திருக்கிறது. வானிலிருந்து வந்த அழிவைத் தடுப்பனபோல் இரு பெருங்கைகளும் வானோக்கி உயர்ந்துள்ளன. நெஞ்சும் வயிறும் இருக்கவேண்டிய இடத்தில் துளை. அதன் வழியே வானம் தெரியும். நம் புறத்திணையின் கையறுநிலைக்கு இதனினும் பொருந்திய உருவம் காண்பது அரிது. இத்தனை பெரிய கைகள் இருந்தும் கையறுநிலை!

டி பைன்கார்ஃப் என்னும் பல்பொருள் அங்காடியின் நிர்வாகம் இச்சிலையை நகருக்கு அளித்தது. கொடையாளர் பெயர் வெளிவரலாகாது என்பது நிபந்தனை. அது நெடுங்காலம் காக்கப்பட்டது. கொடை மரபை அறிந்த நமக்கு இது வியப்பளிப்பதே. 1953 மே மாதம் லூவஹாவன் துறையருகே சிலை திறக்கப்பட்டது. அழகில்லை என்று முகஞ்சுளித்தோர் உண்டு. நகர மக்களோ அதற்கு ‘ஓட்டை யான்’ என்று செல்லக் கேலிப்பெயர் சூட்டித் தமதாக்கிக்கொண்டனர். இரங்கற்பொருளோடு இவ்வளவு உரிமை பாராட்டும் மக்கள் வாய்ப்பது கலைஞனின் பேறு.

சாட்கின் 1967 நவம்பரில் பாரிஸில் மறைந்தார். அசாஸ் தெருவில் அவர் வாழ்ந்து உளிபிடித்த வீடு 1982-இல் அருங்காட்சியகமாயிற்று.