ஆறு வயதில் அட்மிஷன், வீடு திரும்ப வழியில்லை: சங்கரதாஸ் சுவாமிகளின் மாணவர்கள் எப்படி வளர்ந்தார்கள்?

பிள்ளைக்கு ஒழுக்கம் வரட்டும் என்று மதுரையில் இன்று பெற்றோர் சிலம்பத்துக்கோ கராத்தேவுக்கோ அனுப்புகிறார்கள். ஒரு மணி நேர வகுப்பு, அப்புறம் வீடு. நூறு வருடங்களுக்கு முன்பு இதே ஊரில் ஆறு, ஏழு வயதுப் பையன்களை மொத்தமாகவே ஒப்படைத்த இடம் ஒன்று இருந்தது. அதுதான் பாய்ஸ் நாடகக் கம்பெனி. அங்கே வாத்தியாராக இருந்தவர்களில் பெரியவர், தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள். 2019 நடிகர் சங்கத் தேர்தலில் ஓர் அணி தன் பெயராக வைத்துக்கொண்டது இவரைத்தான்.

யார் இவர்?

1867 செப்டம்பர் 7 அன்று தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். இயற்பெயர் சங்கரன். தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். உப்புப் பண்டகசாலையில் கணக்கர் வேலை. 24 வயதில் அதை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்தார். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று மிரட்டும் வேடங்கள்தான் அவருக்குக் கிடைத்தன.

நடிப்பை ஏன் விட்டார்?

நாடக உலகம் இன்றும் சொல்லும் இரண்டு சம்பவங்கள் உண்டு. அவருடைய எமனைப் பார்த்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டதாம். இன்னொரு முறை, சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனவரைப் பார்த்த கர்ப்பிணி அதிர்ச்சியில் உயிரையே விட்டாராம். தன் திறமை பிறரைக் காயப்படுத்துகிறது என்று தெரிந்ததும் வேடத்தைக் கழற்றினார். அதன்பின் எழுதுவதும் சொல்லிக்கொடுப்பதும்தான் அவர் வேலை. துறவிபோல வாழ்ந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

பெரியவர்கள் இருக்க, பசங்க எதற்கு?

அன்றைய பெரிய நடிகர்களைக் கட்டிமேய்ப்பது லேசான காரியமல்ல. சிலர் குடித்துவிட்டு வருவார்கள், சிலர் நேரத்துக்கு வர மாட்டார்கள். மேடையில் எதிராளியை மடக்கச் சொந்த வசனத்தில் இறங்கி, கதையை எங்கேயோ கொண்டு போய்விடுவார்கள். சின்ன வயதிலேயே பழக்கினால் இதைச் சரிசெய்யலாம் என்ற எண்ணத்தில் பிறந்தவைதான் பாய்ஸ் கம்பெனிகள். 1918இல் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா தொடங்கியது. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே சேர்ந்தபோது டி.கே.சண்முகத்துக்கு வயது 6. கமல்ஹாசன் தன் 'அவ்வை சண்முகி' படத்தின் பெயர் மூலம் மரியாதை செய்தது இவருக்குத்தான்.

மாணவனிடம் எதிர்பார்த்தது என்ன?

பாட்டும் வசனமும் எழுதியபடியே மனப்பாடம் ஆக வேண்டும். மேடையில் இஷ்டத்துக்குச் சேர்க்கவோ விடவோ கூடாது. சாப்பாடும் தூக்கமும் கம்பெனி வீட்டிலேயே. ராத்திரி நாடகம், பகலில் பாடம். வாத்தியார் சொல்லுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

அதே உழைப்பை அவரும் போட்டார். சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாட்டு, வசனம் எல்லாம் சேர்த்து ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்பது நாடக வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி. 1921இல் பக்கவாதம் வந்து பேச்சு போனது. அப்போதும் கம்பெனியை விட்டுப் பிரியவில்லை. 1922 நவம்பர் 13 அன்று, அது புதுச்சேரியில் முகாமிட்டிருந்தபோது, 55 வயதில் காலமானார். அவரது சமாதி அங்கே கருவடிக்குப்பத்தில் இருக்கிறது.

இதற்குப் பையன்கள் கொடுத்த விலை?

இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. பாய்ஸ் கம்பெனிகளில் அடி சாதாரணம். பள்ளிக்கூடம் கிடையாது. பொறுக்க முடியாமல் ஓடிப்போன பையன்கள் உண்டு. பதின்வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றுவரை ராஜபார்ட் போட்டவனுக்கு இன்று வேடமே இருக்காது. வறுமையில் இருந்த குடும்பங்களுக்குப் பிள்ளையின் மூன்று வேளைச் சோறு உறுதி என்பதே பெரிய விஷயம், அதனால்தான் அனுப்பினார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குச் சிறுவன் எம்.ஜி.ஆர். போனதும் அப்படித்தான். அந்தப் பயிற்சி பெரிய கலைஞர்களைத் தந்தது உண்மை. அதற்காகப் பல குழந்தைகளின் பால்யம் போனதும் உண்மை.

இன்று என்ன மிச்சம்?

1925இல் டி.கே.எஸ். சகோதரர்கள் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். மதுரையில் நாடக நடிகர் சங்கம் இன்றும் சுவாமிகள் பெயரில் இயங்குகிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் திருவிழா என்றால் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடக்கும். முருகன் ஒரு ஊர், வள்ளி ஒரு ஊர், நாரதர் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது, அன்று ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள். ஆனாலும் நாடகம் தடுமாறாது. சுவாமிகள் எழுதிய பாடம் எல்லோருக்கும் பொது என்பதால், யார் எந்த இடத்தில் எந்தப் பாட்டை எடுப்பார் என்று அடுத்தவருக்குத் தெரியும்.